எங்க பரம்பரையோட சராசரி ஆயுள் 71 (ஆமா, நம்பிட்டோம்!)

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கு வரும். எட்டாங்கிளாஸ் கணக்குதான், பயந்து ஓடிடாதீங்க.

ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு மாசம். சும்மா இருக்கறதுக்கு ஏதாவது உருப்படியா பண்ணலாமேன்னு குடும்ப மரம் போட ஆரம்பிச்சேன். கிராம்ப்ஸ்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. பேரு, பொறந்த தேதி, செத்த தேதி, யாருக்கு யார் பிள்ளைன்னு உள்ள போட்டா மரம் வரைஞ்சு குடுத்துடும். அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வீடா போன் போட்டு, கல்யாணத்துக்கு போன இடத்துலயெல்லாம் பெருசுங்க பக்கத்துல உக்காந்து, மூணு மாசத்துல 312 பேரை சேத்துட்டேன். (கல்யாண சாப்பாட்டுல மூணாவது தடவை பாயசம் வாங்காம நோட்டும் கையுமா அலைஞ்ச ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.)

பொட்டி தட்டறவன் கையில டேட்டா கிடைச்சா சும்மா இருப்பானா? ஒரு சாயங்காலம் எல்லாத்தையும் வெளிய எடுத்து, பத்து வரி பைத்தான் எழுதி, பொறந்த காலம் வாரியா சராசரி ஆயுள் போட்டேன். வந்தது இது:

1850 - 1899ல் பிறந்தவர்கள்: 23 பேர், சராசரி 71
1900 - 1949ல் பிறந்தவர்கள்: 61 பேர், சராசரி 67
1950 - 1999ல் பிறந்தவர்கள்: 14 பேர், சராசரி 41

பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு. நான் மூணாவது வரிசை. 41னா எனக்கு இன்னும் பத்து பதிமூணு வருஷம்தான் பாக்கி!

இதை படம் பிடிச்சு குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போட்டது நான் செஞ்ச தப்பு. பெரியப்பா அரைமணி நேரத்துல பதில் போட்டுட்டார். "பாத்தியா தம்பி, நான் தலையால அடிச்சிக்கிட்டேனே. அந்தக் காலத்துல கம்பும் கேப்பையும் தின்னு வளந்த உடம்பு. எங்க தாத்தா நூத்தி ரெண்டு வயசு இருந்தாரு. இப்ப நீங்க திங்கிறது பூரா மருந்து." அப்புறம் என்ன, வரிசையா கைத்தட்டல் படம். யாரோ ஒரு சித்தப்பா, ஊசி மருந்தே இல்லாத காலத்துல மனுஷன் எப்படி வாழ்ந்தான்னு ஒரு வீடியோ வேற. "நம்ம வம்சத்துக்கே கெட்டி ஆயுசு" அப்படின்னு முடிச்சு வெச்சாங்க.

எனக்கு மட்டும் எங்கயோ இடிச்சுச்சு. சரி, கணக்கை பிரிச்சுப் பாப்போம்னு உக்காந்தேன். அதோட கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த 41

இது சுலபம். 1950 - 1999ல பொறந்தவங்க எங்க மரத்துல 140 பேர். அதுல இறந்தவங்க 14 பேர். மீதி 126 பேர் நல்லா இருக்காங்க, குழுவுல குட்மார்னிங் போட்டுக்கிட்டு. ஆனா ஆயுள் சராசரி போடணும்னா செத்த தேதி வேணும். உயிரோட இருக்கறவங்களுக்கு அது இல்லை. அதனால என்னோட புரோகிராம் அவங்களை கணக்குலயே சேக்கலை.

கிரிக்கெட்ல சொல்றேன். மத்தியானம் ஒரு மணிக்கு ஸ்கோர் பாக்கறீங்க. மூணு பேர் அவுட், ஒவ்வொருத்தரும் பத்து பதினஞ்சு ரன். ரெண்டு பேர் நாட் அவுட், ஆளுக்கு எண்பது. அவுட் ஆனவங்களை மட்டும் வெச்சு "இந்த டீமோட சராசரி 12"னு சொன்னா ஒத்துக்குவீங்களா? அதேதான் இங்கயும். 1950க்கு அப்புறம் பொறந்து இன்னிக்கு இறந்தும் போயிருக்கறவங்கன்னா, அவங்க சீக்கிரம் போனவங்களாத்தான் இருப்பாங்க. 1980ல பொறந்த ஒருத்தர் 90 வயசுல இறந்ததா எந்த மென்பொருளும் காட்ட முடியாது. அதுக்கு 2070 வரணும்.

இந்த நாட் அவுட் பிரச்சினைக்கு ஒரு முறையான தீர்வு 1958ல வந்துச்சு. எட்வர்ட் கப்லான், பால் மையர்னு ரெண்டு பேர் சேர்ந்து எழுதின கட்டுரை. மையருக்கு நோயாளிகளோட ஆயுள் கணக்கு வேண்டியிருந்தது. கப்லான் பெல் லேப்ஸ்ல இருந்தார், கடலுக்கு அடியில போற டெலிபோன் கேபிள்ல வெக்கிற வால்வு எத்தனை வருஷம் உழைக்கும்ங்கறது அவரோட கவலை. ரெண்டும் ஒரே கணக்குதான். இன்னும் எரிஞ்சிக்கிட்டு இருக்கற பல்பை தூக்கிப் போட்டுட்டு சராசரி எடுக்காதே. ஒவ்வொரு வயசுலயும் "இந்த வயசு வரைக்கும் வந்தவங்க எத்தனை பேர், அதுல அடுத்த வயசுக்குப் போனவங்க எத்தனை பேர்"னு கேட்டு அந்த விகிதத்தை எல்லாம் பெருக்கிக்கிட்டே போ. உயிரோட இருக்கறவர் அவரோட இன்னைய வயசு வரைக்கும் கணக்குல இருப்பார், அதுக்கப்புறம் விலகிக்குவார். அவ்வளவுதான். அப்படி போட்டுப் பாத்ததுல மூணாவது வரிசை சும்மா ஜம்முனு மேல ஏறிடுச்சு. நான் பொழச்சேன்.

அப்ப அந்த 71?

இதுதான் வில்லங்கம். இங்க நாட் அவுட் யாரும் இல்லை, எல்லாரும் இறந்துட்டாங்க. கணக்கு சரியாத்தானே இருக்கணும்?

பழைய மக்கள்தொகை கணக்கெடுப்புகளை வெச்சு ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, 1911 - 1921 பத்தாண்டுல இந்தியாவுல பிறக்கும்போது எதிர்பார்க்கப்படற ஆயுள் சுமார் 20 வருஷம். நல்லா கவனிங்க, இருபது. 1918ல வந்த விஷக்காய்ச்சல் மட்டும் இந்தியாவுல ஒரு கோடிக்கு மேல ஆட்களை கொண்டு போச்சு. 1911ஐ விட 1921ல நாட்டோட ஜனத்தொகை குறைஞ்சே போச்சு. ரெண்டு கணக்கெடுப்புக்கு நடுவுல அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பத்தாண்டை விட்டுட்டு முன்னாடி போனாலும் இருபதுகள்லதான் நிக்குது. 2016 - 2020ல இந்தியாவோட அதே அளவு 70.

ஆக எங்க மரம் என்ன சொல்லுது? இந்தியா 2020ல வந்து சேர்ந்த இடத்துக்கு எங்க பூட்டன் பூட்டியெல்லாம் விக்டோரியா மகாராணி காலத்துலயே போய் உக்காந்துட்டாங்களாம். அதுவும் தாது வருஷப் பஞ்சத்தை (1876 - 78) தாண்டி வந்த ஊர்ல!

(இங்க ஒரு சின்ன விஷயம். ஆயுள் 20ன்னா எல்லாரும் இருபது வயசுல செத்தாங்கன்னு அர்த்தம் இல்லை. ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒரு வயசுலயும் இன்னொருத்தர் அறுபதுலயும் போனா சராசரி முப்பது சொச்சம். முப்பதுல செத்தவர் யாருமே இல்லை. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசி வரைக்கும் தேவைப்படும்.)

முதல்ல பூட்டனோட 102ஐ சோதிச்சேன். "தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவரு"ங்கறதுதான் வீட்டுல சொல்ற ஆதாரம். தாதுன்னா 1876. இறந்தது 1978. கழிச்சா 102. கணக்கு சரி. ஆனா பெரியப்பா வீட்டு டிரங்குப் பொட்டியில 1936ல எழுதின ஒரு கிரயப் பத்திரம் இருந்துச்சு. அதுல பூட்டன் பேருக்குப் பக்கத்துல "வயது சுமார் 40". அப்படின்னா பொறந்தது 1896 வாக்குல, இறந்தப்ப 82. தாது வருஷத்துல பொறந்தது அவரோட அப்பாவாம். கதை ஒரு தலைமுறை கீழ இறங்கி மகன் தலையில உக்காந்துடுச்சு.

இது நம்ம ஊர்ல சகஜம்தான். தமிழ் வருஷப் பேர் 60 வருஷத்துக்கு ஒருதடவை திரும்ப வரும். பள்ளிக்கூடத்துல கையை தலைக்கு மேல சுத்தி எதிர்ப்பக்கக் காதைத் தொட்டா அஞ்சு வயசு, வாத்தியார் ஜூன் மாசத்துல ஒரு தேதி போட்டுக்குவார். இறந்த நாள்னு பாத்தா திதி கரெக்டா தெரியும், தெவசம் குடுக்கணுமே. வருஷம் தெரியாது. எண்பது தாண்டின பெருசு எல்லாருக்கும் வயசு "தொண்ணூறு இருக்கும்".

சரி, 102ஐ 82 ஆக்கியாச்சு. 23 பேர் சராசரி 71லேருந்து 70க்கு வந்துச்சு. ஒரு வருஷம்தான் இறங்குச்சு. ஓட்டை வேற எங்கயோ இருக்கு.

லண்டன் துணிக்கடைக்காரர்

ஆயுளை எண்ணிக்கையா பாக்கற பழக்கம் எங்க ஆரம்பிச்சதுன்னு தேடினா லண்டன்ல போய் நிக்குது. ஜான் கிரான்ட்னு ஒரு துணி வியாபாரி. 1662ல ஒரு புத்தகம் போட்டார். லண்டன்ல வாராவாரம் யார் யார் எதனால செத்தாங்கன்னு ஒரு பட்டியல் அச்சடிச்சு விப்பாங்க, பிளேக் வருதான்னு பாக்கறதுக்கு. செத்தவங்க வீட்டுக்குப் போய் காரணம் என்னன்னு பாத்துட்டு வந்து சொல்றது வயசான பொம்பளைங்களோட வேலை. எல்லாரும் அந்தப் பட்டியலை படிச்சிட்டு கசக்கிப் போட்டாங்க. கிரான்ட் மட்டும் பழைய பட்டியலையெல்லாம் சேத்து வெச்சு கூட்டிப் பாத்தார்.

அவருக்கு ஒரு சிக்கல். பட்டியல்ல வயசே கிடையாது, நோய் பேர் மட்டும்தான். என்ன பண்ணார்னா, குழந்தைங்களுக்கு மட்டும் வர்ற நோய்களைத் தனியா எடுத்தார். பல் முளைக்கிறப்ப வர்றது, ஜன்னி, பூச்சி, பிறந்த மாசமே போனது, இப்படி. இருபது வருஷத்துல செத்த 2,29,250 பேர்ல 71,124 பேர் இந்த வகை. மூணுல ஒருத்தர். அம்மை மாதிரி மத்த நோய்கள்ல பாதி குழந்தைங்கதான்னு வெச்சு அதையும் சேத்து, "நூறு பேர் பொறந்தா 36 பேர் ஆறு வயசுக்குள்ள போயிடறாங்க"ன்னு எழுதினார். மீதியை ஒரு ஊகத்துல பத்து பத்து வயசா பிரிச்சு ஒரு அட்டவணை போட்டார்:

பிறப்பு: 100 பேர்
6 வயதில் மிச்சம்: 64
16 வயதில்: 40
26 வயதில்: 25
36 வயதில்: 16
46 வயதில்: 10
56 வயதில்: 6
66 வயதில்: 3
76 வயதில்: 1

1693ல எட்மண்ட் ஹாலி (ஆமா, வால்நட்சத்திரத்து ஹாலியேதான்) இதையே இன்னும் நல்லா பண்ணார். பிரெஸ்லாவ்னு ஒரு ஊர், இப்ப போலந்துல விராட்ஸ்வாஃப். அங்க காஸ்பர் நாய்மன்னு ஒரு பாதிரியார் செத்தவங்களோட வயசையும் சேத்தே எழுதி வெச்சிருந்தார். அந்தக் கணக்குல வருஷத்துக்கு 1238 குழந்தை பொறக்குது. ஒரு வயசுக்குள்ள 348 போயிடுது. ஆறு வயசு முடியறதுக்குள்ள இன்னும் 198. ஆக நூத்துக்கு 56தான் ஆறு வயசைத் தாண்டுது.

இப்ப கிரான்ட் அட்டவணையை வெச்சு நான் ஒரு விளையாட்டு விளையாடினேன். நீங்களும் பேப்பர்ல போட்டுப் பாக்கலாம். நூறு பேரையும் சேத்து சராசரி போட்டா ஆயுள் 18 வருஷம். ஆறு வயசுக்குள்ள போன 36 பேரை "தெரியாது"ன்னு அழிச்சிட்டு மிச்ச 64 பேருக்குப் போட்டா 27. பதினாறு தாண்டின 40 பேருக்கு மட்டும்னா 36. இருபத்தாறு தாண்டின 25 பேருக்கு மட்டும்னா 45.

பாத்தீங்களா? ஒரு ஆள்கூட ஒரு நாள்கூட கூடுதலா வாழலை. ஊர் அதே ஊர், நோய் அதே நோய். நான் செஞ்சதெல்லாம் சில பேரை பட்டியல்லேருந்து எடுத்ததுதான். 18 போய் 45 ஆயிடுச்சு.

இப்ப எங்க மரத்துக்கு வாங்க. இந்த மரத்துல ஏற டிக்கெட் என்ன? 1850 - 1899ல பொறந்த அந்த 23 பேர் எப்படி உள்ள வந்தாங்க? "உங்க அப்பா யாரு, அவரு அப்பா யாரு"ன்னு நான் கீழேருந்து மேல ஏறினேன். அப்படி ஏறினா ஒவ்வொரு படியிலயும் பிள்ளை பெத்தவர்தான் நிப்பார். மூணு வயசுல செத்த ஒருத்தர் யாருக்கும் பூட்டனாக முடியாது. அதுலயும் இறந்த வருஷம் யாருக்கு ஞாபகம் இருக்கு? பேரன் பேத்தி எடுத்து, அவங்க கண்ணு முன்னாடி போனவங்களுக்குத்தான். இளவயசுல போனவங்களோட தேதியை சொல்ல ஆளே மிஞ்சலை. கிரான்ட் அட்டவணையில நான் விளையாட்டா பண்ண வடிகட்டலை எங்க குடும்பம் நூறு வருஷமா நிஜமாவே பண்ணிக்கிட்டு இருந்திருக்கு.

பழைய சர்ச் பதிவேடுகளை வெச்சு குடும்பம் குடும்பமா சேத்து ஆராய்ச்சி பண்ண பிரெஞ்சுக்காரர் லூயி ஆன்ரி 1950களிலேயே இதுக்கு ஒரு விதி வெச்சிட்டார். ஒருத்தர் எந்தத் தேதியிலேருந்து நம்ம கண்ணுக்குத் தெரியறாரோ அந்தத் தேதியிலேருந்துதான் எண்ணணும். அப்படிப் பாத்தா எங்க மரத்தை வெச்சு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இருபத்தஞ்சு வயசுல பிள்ளை பெத்து, பேரனால ஞாபகம் வெச்சுக்கப்பட்டவங்க எழுபது வரை இருந்தாங்க. வம்சத்தோட கெட்டி ஆயுசு பத்தி அது ஒரு வார்த்தைகூட சொல்லலை.

(வம்சம்னதும் ஞாபகம் வருது. 2018ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு. ஜெனி தளத்துல ஆளாளுக்குப் போட்டு வெச்ச 8.6 கோடி பேர் விவரத்தை எடுத்து, ஒரே மரத்துல 1.3 கோடி பேரைக் கோத்தாங்க. நீண்ட ஆயுள்ல பரம்பரையோட பங்கு சுமார் 16 சதவீதம்தான்னு வந்துச்சு. அதே வருஷம் இன்னொரு குழு இன்னும் பெரிய டேட்டாவுல, ஒரே மாதிரி வசதியில வாழறவங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிறாங்கங்கறதையும் கழிச்சுப் பாத்து, 10 சதவீதத்துக்கும் கீழன்னு சொன்னாங்க. பெரியப்பாகிட்ட இதை இன்னும் சொல்லலை.)

காணாம போனவங்க

கணக்கு இதோட முடிஞ்சிருக்கணும். ஆனா ஒண்ணு புரிஞ்சப்புறம் மரத்தைப் பாக்கற பார்வையே மாறிடுச்சு. இருக்கறவங்களை விட்டுட்டு இடைவெளிங்களைப் பாக்க ஆரம்பிச்சேன்.

ஐயாவோட (அப்பாவோட அப்பா) கூடப்பொறந்தவங்க மூணு பேர். பொறந்த வருஷம் 1922, 1924, ஐயா 1932, கடைசி 1939. ரெண்டு வருஷத்துல ஒண்ணு, அப்புறம் எட்டு வருஷ இடைவெளி, அப்புறம் ஏழு வருஷ இடைவெளி. குடும்பக் கட்டுப்பாடே இல்லாத காலம்! இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. ஐயாவுக்கு மூக்குல ஒரு சின்னத் தழும்பு இருக்கும். சின்ன வயசுல கேட்டப்ப "மூக்கு குத்தினது"ன்னு சிரிப்பார். ஆம்பளைக்கு எதுக்கு மூக்கு குத்தணும்?

உங்க வீட்டுலயும் இருப்பாங்க. குப்புசாமி, பிச்சை, மூக்கையா, குப்பம்மா. முன்னாடி பொறந்த பிள்ளையெல்லாம் தங்காம போனா, அடுத்து பொறந்ததை குப்பைமேட்டுல போட்டு எடுப்பாங்க, இல்லைன்னா பிச்சையா வாங்கின மாதிரி செய்வாங்க, மூக்கு குத்துவாங்க. எமன் பாத்துட்டு "இது ஒண்ணுக்கும் ஆகாதது"ன்னு விட்டுட்டுப் போகணுமாம். அந்தப் பேரு ஒவ்வொண்ணும் அதுக்கு முன்னாடி செத்த ஒரு பிள்ளையோட பதிவு. சர்க்கார் கணக்குல வராதது பேர்ல வந்திருக்கு. (சென்னை மாகாணத்துல 1899லயே பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் வந்துடுச்சு. கிராமத்துல முன்சீப்புதான் எழுதணும். ஆனா விட்டுப்போனது ஏராளம். அதனாலதான் அந்தக் காலத்து ஆயுள் கணக்கை ஜனத்தொகை கணக்கெடுப்புலேருந்து எடுக்க வேண்டியிருந்தது.)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பத்தாகிட்ட உக்காந்தேன். எண்பத்தஞ்சு வயசு. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கத்தி. "அப்பத்தா, ஐயாவுக்கும் பெரிய அப்பத்தாவுக்கும் நடுவுல எட்டு வருஷம் இருக்கே, ஏன்?"னு கேட்டேன்.

வெத்தலை இடிச்சிக்கிட்டே சொன்னுச்சு. "எங்க மாமியா ஒம்பது பெத்துச்சு ராசா. நாலுதேன் தங்குச்சு. உங்க ஐயாவுக்கு முன்னால மூணு வரிசையாப் போச்சு. அதுக்குத்தேன் அவருக்கு மூக்கு குத்துனது."

நான் நோட்டை எடுத்தேன். அஞ்சு பேர். பேரு கேட்டேன். ஒண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுச்சு.

அப்புறம் சும்மா ஒரு பேச்சுக்கு, "உனக்கு அப்பத்தா? கல்யாணம் 1957. பெரியப்பா 61, அப்பா 66"ன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைச்சுது. இது மரத்துல இருக்கற இன்னொரு இடைவெளி. எங்க அப்பா பொறக்கறதுக்கு முன்னாடி இருக்கற இடைவெளி.

இடிக்கிறதை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் உரலையே பாத்துச்சு. "தலைப்பிள்ளை ஆம்பளைப் பிள்ளை. ஆறு நாள் இருந்துச்சு. உங்க பெரியப்பனுக்கு அப்புறம் ஒரு பொட்டைப்பிள்ளை. நல்லா நடந்து ஓடித் திரிஞ்சது. மூணு வயசுல அம்மா போட்டு போயிருச்சு. சிவராத்திரிக்கு மறுநா."

வருஷம் தெரியலை. சிவராத்திரிக்கு மறுநாள்ங்கறது தெரியுது.

"ஏன் அப்பத்தா இத்தனை நாளா சொல்லவே இல்லை?"

"யாரு கேட்டா?"

என்கிட்ட பதில் இல்லை. மூணு மாசமா இந்த வீட்டுக்குத்தான் போன் போட்டுக்கிட்டு இருந்தேன். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க"ன்னுதான் கேட்டிருக்கேன். "எத்தனை பெத்தீங்க"ன்னு ஒரு தடவைகூட கேக்கலை.

"ஆறு நாள் பிள்ளைக்கு பேரே வெக்கலையே. என்னன்னு எழுதுவ?"ன்னு அதுவே திருப்பிக் கேட்டுச்சு.

கம்ப்யூட்டர்ல அதுக்கு இடம் இருக்கு அப்பத்தான்னேன். நிஜமாவே இருக்கு. குடும்ப மர மென்பொருள்கள் ஒண்ணுக்கொண்ணு டேட்டா மாத்திக்க ஜெட்காம்னு ஒரு வடிவம் வெச்சிருக்காங்க. அதோட பழைய பதிப்புகள்ல வயசு தெரியலைன்னா எண்ணுக்குப் பதிலா போட மூணு வார்த்தை உண்டு. எட்டு வயசுக்குள்ளன்னா "சைல்டு", ஒரு வயசுக்குள்ளன்னா "இன்ஃபன்ட்", பிரசவத்துலயே போயிருந்தா "ஸ்டில்பார்ன்". இத்தனை வருஷமா இந்த மூணு வார்த்தையும் அங்கதான் இருந்திருக்கு. நிரப்பத்தான் யாரும் கேக்கலை.

அதுக்கப்புறம் மத்த வீடுகளுக்கும், அம்மாச்சி வீட்டுப் பக்கமும் மறுபடி போன் போட்டேன். இந்த தடவை கேள்வியை மாத்திக் கேட்டேன். ரெண்டு பேர் அழுதாங்க. ஒருத்தர் "அதெல்லாம் எதுக்கு இப்ப"ன்னு வெச்சுட்டு, மறுநாள் அவங்களே கூப்பிட்டு சொன்னாங்க. மொத்தம் 25 பேர் கிடைச்சாங்க. 19 பேர் 1900 - 1949ல பொறந்தவங்க, 6 பேர் அதுக்கு அப்புறம்.

திரும்ப அந்த பத்து வரி பைத்தானை ஓட்டினேன். ரெண்டாவது வரிசையில 67 இருந்துச்சில்ல, அது 51க்கு இறங்குச்சு. 19 பேரை சேத்ததுக்கே பதினாறு வருஷம் குறைஞ்சது. ஞாபகம் வெச்சிருக்க ஆளே இல்லாதவங்களையும் சேத்தா எங்க போய் நிக்கும்னு நீங்களே பாத்துக்குங்க.

ஆனா இப்ப நான் சராசரியையே விட்டுட்டேன். பிறந்தவங்கள்ல அஞ்சு வயசைத் தாண்டினவங்க எத்தனை பேர்னு மட்டும் பாக்கறேன். உயிரோட இருக்கறவங்களையும் சேத்து எண்ணலாம், யாரையும் வெட்டி விட வேண்டாம்.

1900 - 1949: 92 பேர்ல 75 பேர்
1950 - 1999: 146 பேர்ல 140 பேர்
2000க்கு அப்புறம்: 41 பேர் பொறந்திருக்காங்க. 41 பேரும் இருக்காங்க.

கடைசி வரிசையில சில குழந்தைங்களுக்கு இன்னும் அஞ்சு வயசே ஆகலை, அதனால அதை விகிதமா சொல்ல மாட்டேன். ஆனா அந்த வரியைப் பாத்தா தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், நல்ல தண்ணி, படிச்ச அம்மாக்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. கம்பும் கேப்பையும் நல்ல சாப்பாடுதான், நானும் கூழ் குடிக்கிறவன்தான். ஆனா அதை சாப்பிட்டு வளர அந்தப் பிள்ளைங்களுக்கு பல்லே முளைக்கலையே. இந்த மூணு வரியை குழுவுல போட்டேன். பெரியப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதலை. ராத்திரி போன் பண்ணி, "அந்தப் பிள்ளை எனக்கு தங்கச்சில்ல? லேசா ஞாபகம் இருக்குடா. இடுப்புல தூக்கி வெச்சிருக்கேன்"ன்னார்.

இன்னும் ஒரே ஒருத்தரை சொல்லிட்டு முடிக்கிறேன்.

எங்க ஊர் ரோட்டோரமா ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கு. ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு பலகைக் கல். தலைச்சுமையோட வர்றவங்க யார் உதவியும் இல்லாம இறக்கி வெச்சு இளைப்பாறறதுக்கு. சின்ன வயசுல அதுல ஏறிக் குதிச்சிருக்கேன். பிள்ளைத்தாச்சியா, வயித்துச் சுமையை இறக்காமலே செத்துப்போற பொம்பளைக்காக அந்தக் கல்லை நடுவாங்கன்னு எனக்கு அப்ப தெரியாது. பொங்கலன்னிக்கு அப்பத்தாதான் சொன்னுச்சு. அந்தக் கல்லு எங்க பூட்டனோட மூத்த தாரத்துக்கு நட்டது. என் பூட்டி இளைய தாரம். அவங்கதான் வருஷாவருஷம் அந்தக் கல்லுக்கு விளக்கு வெப்பாங்களாம்.

மூத்தவங்க பேரு அப்பத்தாவுக்கும் தெரியலை. வயசு பதினேழு, பதினெட்டு இருக்கும்னு அது மாமியா சொல்லக் கேட்டது. பூட்டி வழியா வந்த எங்க யாருக்கும் அவங்க ரத்த சொந்தம் இல்லை, அதனால கீழேருந்து மேல ஏறின என் மரத்துல அவங்க வந்திருக்கவே மாட்டாங்க. இப்ப பூட்டன் பேருக்குப் பக்கத்துல முதல் மனைவின்னு ஒரு கட்டம் போட்டிருக்கேன். பேரு: தெரியாது. பிறப்பு: தெரியாது. இறப்பு: 1922க்கு முன். குறிப்புங்கற இடத்துல அந்தக் கல்லோட போட்டோ. அவங்களுக்குக் கீழ, பேர் இல்லாத இன்னொரு கட்டம்.

மக்களே, உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். மரம் போடறீங்களோ இல்லையோ, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப பாட்டிகிட்ட "எத்தனை பிள்ளைங்க"ன்னு கேக்காம "எத்தனை பெத்தே"ன்னு கேளுங்க. எண்பது வயசுக்கு மேல ஆனவங்களா இருந்தா இந்தப் பொங்கலுக்கே கேட்டுடுங்க. தள்ளிப் போடாதீங்க.